நீலத்தாளும் ஒரு சின்னச் சதுரமும்

விருத்தாசலத்துல எங்க பழைய வீட்டை ஒழிச்சுக்கிட்டு இருந்தப்போ, டிரங்குப் பெட்டிக்கு அடியில ஒரு நீலத்தாள் கிடைச்சுது. மடிப்பெல்லாம் கிழிஞ்ச ப்ளூ பிரிண்ட். 1978ல அப்பா வீடு கட்ட அனுமதி வாங்கின பிளான். திண்ணை, கூடம், அடுப்படி... தோட்டத்துக் கோடியில ஒரு சின்னச் சதுரம். அதுலேர்ந்து ஒரு கோடு போய் செப்டிக் டேங்க்ல முடியுது. அந்தச் சதுரத்துக்காக ஆயா ஒரு வாரம் சண்டை போட்டாங்களாம், "வீட்டோட சேத்து எவனாவது கக்கூஸ் கட்டுவானா?"ன்னு. பீங்கான் செய்யற ஊர்ல இருந்துக்கிட்டு பேச்சைப் பாருங்க :-)

சரி, விஷயத்துக்கு வர்றேன். நம்ம இடம், நம்ம காசு. அப்புறம் ஏன் இன்னொருத்தரைக் கேக்கணும்? பதில் அந்தச் சதுரத்துலதான் இருக்கு. கட்டட அனுமதிங்கறது பெரும்பாலும் சாக்கடைக்கும் நோய்க்கும் பயந்து பிறந்தது. இங்கிலாந்துல காலரா பட்ட பாட்டுக்கு அப்புறம், 1875ல வந்த பொதுச் சுகாதாரச் சட்டம் தெரு அகலம், காத்தோட்டம், கழிவுநீர் பத்தி விதி போட ஊர் நிர்வாகங்களுக்கு அதிகாரம் குடுத்துச்சு. 1896ல பம்பாயில பிளேக். அதே பயம் இங்கயும் வந்தாச்சு. 1898ல அங்க ஒரு மேம்பாட்டு டிரஸ்ட் அமைச்சு நெருக்கமான குடியிருப்புகளை இடிக்க ஆரம்பிச்சாங்க. இந்த இடிப்பு மோகம் பிடிக்காத ஒருத்தர் ஸ்காட்லாந்துக்காரர் பேட்ரிக் கெடிஸ். 1914, 15 வாக்கில சென்னை மாகாணத்து ஊர்களைச் சுத்திப் பாத்து, தேவையான இடத்துல மட்டும் கை வெச்சா போதும்னு எழுதினார்.

1920ல இங்க ரெண்டு சட்டம். ஒண்ணு நகரமைப்புக்கு, இன்னொண்ணு மாவட்ட நகராட்சிகளுக்கு. ரெண்டாவதைத்தான் நான் ஆற அமர படிச்சேன். (பொழுது போகாதவன் வேற என்ன செய்வான்!) மனைக்கு ஒரு வரைபடம், வீட்டுக்கு ஒரு வரைபடம் குடுக்கணும். சீக்கிரம் தீப்பிடிக்கிற கூரைக்குத் தனியா அனுமதி வேணும். இதெல்லாம் நமக்குப் போட்ட விதி. ஆனா ஆபீசுக்கும் விதி இருக்கு! முப்பது நாளுக்குள்ள முடிவு சொல்லணும். மறுத்தா காரணத்தை எழுத்துல குடுக்கணும். சொல்லாம இழுத்தடிச்சா நாம நகர்மன்றத்துக்கு எழுதலாம். அவங்களும் ஒரு மாசம் வாயைத் திறக்கலைன்னா? அனுமதி கொடுத்ததாவே அர்த்தம், வேலையை ஆரம்பிக்கலாம். சட்டத்துல இருக்கற மத்த விதிகளை மட்டும் மீறக்கூடாது.

வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்ங்க இது! படிச்சப்போ எனக்கு வயிறு எரிஞ்சுது. வேற ஒரு ஊர்ல (பேர் வேண்டாம்) எங்க மாமா ஒரு மாடி அறைக்காக எட்டு மாசம் நடந்தார். வட்டிக்கு வாங்கின பணம் வட்டியிலயே கரைஞ்சு, கடைசியில மாடியே கட்டல. இந்த விதியை அவர்கிட்ட யாருமே சொல்லல. சொல்லியிருந்தாலும் 'அவங்க பேசல, அதனால கட்டினேன்'னு ஆபீஸ் வாசல்ல போய் நிக்க அவருக்குத் தைரியம் இருந்திருக்குமான்னு தெரியல.

அப்புறம் விதிகள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டே போச்சு. 1971ல நகர் ஊரமைப்புச் சட்டம், 1972ல நகராட்சிக் கட்டட விதிகள், 2003ல வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு, 2019ல எல்லாத்தையும் சேத்து ஒரே விதித்தொகுப்பு. அந்த 1920 சட்டமும் லேசுல போகல. அதுக்கு மாத்தா 1998லயே புதுச் சட்டம் நிறைவேத்திட்டாங்க. கிடப்புல கிடந்து, அது நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரல்ல!

2024 ஜூலையில வந்ததுதான் சுயசான்று முறை. 2500 சதுர அடி வரைக்கும் மனை, 3500 சதுர அடி வரைக்கும் கட்டடம், தரைத்தளமோ அதுக்கு மேல ஒரு மாடியோ. விதிப்படிதான் கட்டறேன்னு நாமே ஆன்லைன்ல உறுதி குடுத்தா உடனே அனுமதி. யாரும் முன்கூட்டி வந்து பாக்கறதில்ல. பொய் சொன்னா மாட்டறதும் நாமதான். 1920ல ஆபீஸ் பேசாம இருந்தா கிடைக்கிற அனுமதி, இப்போ நாம வாய் திறந்து சொன்னதும் கிடைக்குது. ரெண்டுலயும் பொறுப்பு கட்டறவன் தலையிலதான்.

அந்த வீட்டைத்தான் இப்ப மாத்திக் கட்டப் போறோம். புது பிளான் கம்ப்யூட்டர்ல வரைஞ்சு வந்துடுச்சு. தோட்டத்துக் கோடியில இருந்த சதுரம் படுக்கையறைக்குள்ளயே வந்தாச்சு, அதுவும் ரெண்டு. நல்லவேளை, ஆயா பாக்கல.