ஜிம்மி சவில்: கொடை வள்ளலின் பெயரால் அடக்கப்பட்ட குரல்கள்

2011 ஒக்டோபர் 29 ஆம் திகதி ஜிம்மி சவில் தனது 84 ஆவது வயதில் இறந்தபோது, நல்ல மனிதர் ஒருவரை இழந்துவிட்டதாகவே பிரித்தானியாவில் பெரும்பாலானோர் எண்ணினார்கள். அவர் பிறந்த லீட்ஸ் நகரில் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினார்கள்.

அதற்குக் காரணம் இருந்தது. 1964 இல் பி.பி.சி. தொலைக்காட்சி தொடங்கிய பிரபல இசை நிகழ்ச்சியின் முதல் அறிவிப்பாளர் அவர்தான். 1975 முதல் 1994 வரை, சிறுவர்கள் தம் ஆசைகளைக் கடிதமாக எழுதியனுப்ப, அவற்றை நிறைவேற்றி வைக்கும் நிகழ்ச்சியை நடத்தினார். நீண்ட தூரம் ஓடி வைத்தியசாலைகளுக்கு நிதி திரட்டினார். 1990 இல் அவருக்கு 'சேர்' பட்டம் கிடைத்தது.

அவர் இறந்து ஓராண்டு கூட ஆகவில்லை. 2012 ஒக்டோபர் 3 ஆம் திகதி ஐ.ரி.வி. தொலைக்காட்சி ஒரு விவரணப் படத்தை ஒளிபரப்பியது. சிறுமிகளாக இருந்தபோது சவில் தங்களுக்குச் செய்தவற்றைப் பெண்கள் அதில் கூறினார்கள். அதன் பின் ஏறக்குறைய 450 பேர் தகவல் தர முன்வந்தார்கள். 2013 ஜனவரியில் லண்டன் பொலிஸாரும் சிறுவர் பாதுகாப்பு அமைப்பொன்றும் இணைந்து வெளியிட்ட அறிக்கையின்படி, 1955 இற்கும் 2009 இற்கும் இடைப்பட்ட 214 குற்றங்கள் பதிவு செய்யப்பட்டிருந்தன. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் 18 வயதுக்குக் குறைந்தவர்கள். மிக இளையவருக்கு வயது எட்டு.

கையில் இருந்த சாவிகள்

'ஒரே மனிதனுக்கு இரண்டு முகங்கள்' என்றுதான் இத்தகைய கதைகளைப் பொதுவாகச் சொல்வார்கள். அடுத்தடுத்து வெளிவந்த விசாரணை அறிக்கைகளை வாசித்தபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை. சவிலின் நற்பணியும் குற்றமும் தனித்தனிப் பாதைகளில் போகவில்லை. கதவுகளைத் திறந்து கொடுத்ததே அந்த நற்பணிதான்.

லீட்ஸ் பொது வைத்தியசாலையில் 1968 முதல் அவர் தொண்டராக நோயாளர்களைத் தள்ளுவண்டியில் கொண்டு சென்றார். அந்த நகரின் வைத்தியசாலைகள் தொடர்பான அறிக்கை 60 பேரின் சாட்சியங்களைப் பதிவு செய்தது. அவர்களின் வயது 5 முதல் 75 வரை. மனநோயாளர் தடுத்து வைக்கப்படும் புரோட்மூர் வைத்தியசாலையின் சாவிக்கொத்து அவர் கையில் இருந்தது. 1988 இல் அதன் நிர்வாகத்தைக் கவனிக்க அரசு அமைத்த குழுவிலும் அவருக்கு இடம் கிடைத்தது.

ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையின் முள்ளந்தண்டுப் பிரிவை மீளக் கட்டுவதற்கான நிதியைத் திரட்டியவர் அவர். புதிய கட்டடம் 1983 இல் திறக்கப்பட்டது. வளாகத்தில் அவருக்கு அலுவலகமும் தங்குமிடமும் இருந்தன. 2015 இல் வெளியான அறிக்கை அங்கு மட்டும் 60 பேர் பாதிக்கப்பட்டதாகக் கூறுகிறது. அந்தக் காலத்திலேயே பத்து முறைப்பாடுகள் செய்யப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று, 1977 இல் ஒரு தந்தை முறைப்படி செய்தது. ஒன்றுமே பொலிஸாரிடம் போய்ச் சேரவில்லை.

அங்கு சிறுமியாகச் சிகிச்சை பெற்ற ஒருவர் பின்னாளில் கூறியது என்னை மிகவும் பாதித்தது. சவில் விடுதிக்கு வரும் நாட்களில், நித்திரை கொள்வதுபோல் படுத்திருங்கள் என்று தாதியர் சிறுவர்களிடம் சொன்னார்களாம். அப்படியானால் தாதியருக்கு ஏதோ தெரிந்திருந்தது. கட்டடம் எழுப்பித் தந்தவரைத் தடுப்பதைவிடக் குழந்தையைக் கண்மூடச் சொல்வது அவர்களுக்கு எளிதாக இருந்திருக்கிறது.

தனித்தனியாக நிறுத்தப்பட்டவர்கள்

சவில் உயிரோடு இருந்தபோதே பொலிஸார் அவரை விசாரித்தார்கள். 2007 இல் தொடங்கிய அந்த விசாரணையில், 2009 இல் அவரிடம் வாக்குமூலமும் பெறப்பட்டது. அவரது ஸ்டோக் மண்டவில் அலுவலகத்துக்கே சென்று அதைப் பெற்றார்கள். வழக்குத் தொடரப்படவில்லை. முறைப்பாடு செய்த பெண்களுக்கு, தங்களைப்போல் வேறு பெண்களும் முறையிட்டிருப்பது சொல்லப்படவில்லை என்று அரச வழக்குத் தொடுநர் அலுவலகத்தின் மீளாய்வு பின்னர் கண்டறிந்தது. 'நான் ஒருத்திதான்' என்று எண்ணிய பெண், நாடே கொண்டாடும் ஒருவருக்கு எதிராக நீதிமன்றம் ஏறத் தயங்கியதில் வியப்பில்லை.

அவர் இறந்த பிறகும் நிலைமை உடனே மாறவில்லை. 2011 டிசம்பரில் பி.பி.சி. தனது சொந்தச் செய்தியாளர்கள் திரட்டிய விசாரணையைக் கைவிட்டது. அதே நத்தார் காலத்தில் சவிலுக்குப் புகழஞ்சலி நிகழ்ச்சிகளை ஒளிபரப்பியது. 2016 இல் வெளியான விசாரணை அறிக்கை, பி.பி.சி. பணியோடு தொடர்புடைய வகையில் அவரால் பாதிக்கப்பட்டவர்கள் 72 பேர் எனக் கணக்கிட்டது.

தண்டிக்க ஆள் இல்லாதபோது

சவில் எந்த நீதிமன்றத்திலும் நிற்கவில்லை. அவரது கல்லறைக் கல் அகற்றப்பட்டது. அவர் பெயரிலான அறக்கட்டளைகள் மூடப்பட்டன. இறந்தவரைத் தண்டிக்க முடியாதபோது விசாரணை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். குற்றம் நடந்த இடமும் ஆண்டும், அறிந்தும் வாளாவிருந்த நிர்வாகமும் அந்த விசாரணைகளால்தான் எழுத்தில் ஏறின. பொய்யர் என்ற பழிக்கு அஞ்சி வாழ்ந்தவர்களின் சொல் அரச ஆவணமாயிற்று. சிறுவர் துஷ்பிரயோகம் பற்றிய தேசிய விசாரணைக்கு வழிவகுத்தவற்றுள் இந்த விவகாரமும் ஒன்று. அவ்விசாரணை, சிறுவர்களோடு பணிபுரிவோர் இத்தகைய குற்றத்தை அறிந்தால் அறிவித்தே ஆகவேண்டும் என்று சட்டமாக்கும்படி 2022 இல் பரிந்துரைத்தது.

சாட்சி சொல்லியும் நம்பப்படாமல் நிற்பது எப்படியிருக்கும் என்பதை எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. எமது சொல்லைக் கேளுங்கள் என்று உலகத்திடம் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம். அதே நாம், எமக்கு வேண்டிய ஒருவர் மீது ஒரு பிள்ளை குற்றம் சொன்னால் என்ன செய்கிறோம்? போருக்குப் பின் எமது பிரதேசங்களில் எத்தனையோ சிறுவர் இல்லங்களும் பாடசாலைகளும் கொடையாளர்களின் கையை எதிர்பார்த்தே நடந்தன. கொடுத்தவர்களை நன்றியோடு நினைப்பது முறைதான். ஆனால் காசு தந்தவர் என்பதற்காகப் பிள்ளைகள் தங்கும் அறைக்குத் தனியே போகும் உரிமை எவருக்கும் இல்லை. முறைப்பாடு வந்தால் அதை விசாரிப்பவர்கள், அந்தக் காசில் தங்கியிராத வெளியாட்களாக இருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதி என்றால் அதுவும் அந்த விசாரணையில் தெரியவரும்.