அல்லேலூயா ஒலிக்கும் இரவு: பாஸ்கா திருவிழிப்பின் வரலாறு



இந்த யூபிலி மலரில் நம் கோயிலின் வரலாற்றைப் பலர் எழுதுகின்றனர். நான் எழுத விரும்புவது ஓர் இரவின் வரலாறு. பெரிய வெள்ளியன்று நம் கோயிலில் நிற்கவும் இடமிருப்பதில்லை. மறுநாள் இரவு, பாஸ்கா திருவிழிப்புக்குக் கூடுவோர் தொகையோ குறைந்துவிடுகிறது. சிலுவைப்பாதையில் கண்ணீர் விட்டவர்கள், கல்லறை திறந்த மகிழ்ச்சியில் பங்குகொள்ள ஏன் தயங்குகிறார்கள்? இக்கேள்விக்கு வரலாறு ஓரளவு விடை தருகிறது.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தைப் புனித சின்னப்பர் கி.பி. 55-ஆம் ஆண்டளவில் வரைந்தார். ஆண்டவர் உயிர்த்துக் கால் நூற்றாண்டே கடந்திருந்த காலம் அது. உயிர்த்தவரைக் கண்டவர்களுள் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருப்பதாக அவர் சொல்கிறார். உயிர்ப்பு இல்லையேல் நம் விசுவாசத்துக்கு அடித்தளமே இல்லை என்றும் வாதிடுகிறார். அதனால்தான் ஆதித் திருச்சபை உயிர்ப்பின் நாளை வாரந்தோறும் கொண்டாடிற்று. பித்தினியா நாட்டு ஆளுநர் பிளினி ஏறத்தாழ 112-ஆம் ஆண்டில் திராஜன் பேரரசனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைக் கடவுளாகப் போற்றிப் பாடுகிறார்கள் என்பது அதிலுள்ள செய்தி. அது ஞாயிற்றுக்கிழமையே என்பது அறிஞர் பலரின் கருத்து. அக்காலத்தில் ஞாயிறு விடுமுறை நாளன்று. கொன்ஸ்தந்தீன் பேரரசர் 321-ஆம் ஆண்டில்தான் அதை ஓய்வு நாளாக்கினார். பொழுது விடிந்தால் வேலைக்குப் போக வேண்டிய ஏழைகளும் அடிமைகளும், தூக்கத்தைத் துறந்து இருட்டில் கூடினார்கள். அவர்களை எழுப்பியது உயிர்ப்பின் மகிழ்ச்சியே.

வாரந்தோறும் கொண்டாடிய இம்மகிழ்ச்சிக்கு ஆண்டுக்கொருமுறை சிகரமாக அமைந்ததே பாஸ்கா. அனைவரும் அதை ஒரே நாளில் கொண்டாட வேண்டுமென 325-இல் நீசேயாப் பொதுச்சங்கம் முடிவு செய்தது. ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமானவர்கள் தவக்காலம் முழுவதும் போதனை கேட்டு, பாஸ்கா இரவில் தண்ணீரில் இறங்கி, வெண்ணாடை அணிந்து வெளிவந்தார்கள். 387-ஆம் ஆண்டு பாஸ்கா இரவில், மிலான் நகரில், புனித அம்புரோசியார் கையால் ஞானஸ்நானம் பெற்றவர்களுள் ஒருவர் முப்பத்திரண்டு வயது அகுஸ்தீனார். அவருடைய மகன் அதெயோதாத்துசும் உடன் ஞானஸ்நானம் பெற்றான். தாய் மோனிக்கம்மாள் பல்லாண்டுகள் சிந்திய கண்ணீர் அன்று பலன் தந்தது. அதே ஆண்டில் ஓஸ்தியா துறைமுகத்தில் அத்தாய் இறந்தார். மகன் அழுதார், ஆனால் தாயின் நம்பிக்கை அப்போது மகனுடைய நம்பிக்கையாகவும் இருந்தது.

இத்தகைய இரவைத்தான் காலப்போக்கில் மக்கள் இழந்தார்கள். குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் ஞானஸ்நானம் கொடுப்பது வழக்கமாயிற்று. ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகும் பெரியோர் அருகிப்போனதால், இடைக்காலத்தில் திருவிழிப்பு மாலைக்கும், பின் பிற்பகலுக்கும், கடைசியில் சனிக்கிழமை காலைக்கும் நகர்ந்தது. நண்பகலுக்குப் பின் பூசை வைக்கலாகாது என்று 5-ஆம் பத்திநாதர் 1566-இல் விதித்ததால் அது காலையிலேயே நிலைத்துவிட்டது. 1642-இல் 8-ஆம் உர்பன் பாப்பரசர் கடன்திருநாள்களைக் குறைத்தபோது, பெரிய வியாழன், வெள்ளி, சனி மூன்றும் வேலை நாள்களாயின. விளைவு என்ன? சன்னல் வழியே வெயில் அடிக்கும் வேளையில், குருவானவர் அந்த இரவின் மேன்மையை இலத்தீனில் பாடினார். கேட்பதற்குப் பல இடங்களில் சிலரே இருந்தனர். உயிர்த்த ஞாயிற்றின் பூசை இருந்தது, விசுவாசமும் குன்றவில்லை. ஆயினும் இருளிலிருந்து ஒளிக்குக் கடந்து செல்லும் அனுபவம் மக்களுக்குக் கிட்டவில்லை. கண்முன் நடந்த பாடுகளின் சடங்குகளே அவர்கள் நெஞ்சில் ஆழப் பதிந்தன.

1951-இல் 12-ஆம் பத்திநாதர், சோதனை முறையில் திருவிழிப்பை இரவில் நடத்த அனுமதி அளித்தார். 1955 நவம்பரில் வெளியான ஆணையின்படி, 1956 முதல் இலத்தீன் திருமுறை முழுவதிலும் அது இரவுக்கே திரும்பிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் தாய்மொழியும் பீடத்தில் ஏறியது. புது நெருப்பும், பாஸ்காப் புகழுரையும், படைப்பு முதல் செங்கடல் வரை விரியும் வாசகங்களும், ஞானஸ்நான வாக்குறுதிகளும் நம் சொந்த மொழியில் நம் காதில் விழுகின்றன. பல நூற்றாண்டுகளாக நம் முன்னோர்க்குக் கிட்டாத பேறு இது!

அந்த இரவில் ஏற்றும் பாஸ்காத் திரியை எண்ணிப் பாருங்கள். நம் குழந்தைகளின் ஞானஸ்நானத் திரிகளை அதிலிருந்தே பற்றவைக்கிறோம். 1969-இல் புதுப்பிக்கப்பட்ட அடக்கச் சடங்கு முறையின்படி, இறந்தோரின் பெட்டியருகிலும் அதே திரியை வைக்கிறோம். தாயை, கணவனை, பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் நம் பங்கில் பலருண்டு. அழ வேண்டாமென்று அவர்களிடம் நான் சொல்வதில்லை; ஆண்டவரே இலாசரின் கல்லறையருகில் அழுதார். கிறிஸ்தவ மகிழ்ச்சி துக்கத்தை மறைப்பதன்று. துக்க வீட்டிலும் அணையாமல் எரியும் அந்தத் திரியைப் போன்றது அது.

ஆகவே, பிரியமானவர்களே, யூபிலி ஆண்டில் உங்கள் பங்குக்குருவின் வேண்டுகோள் இதுவே: வரும் பாஸ்கா இரவில் குடும்பத்தோடு வாருங்கள். பிள்ளைகளுக்குத் தூக்கம் வந்தால் மடியில் கிடத்திக்கொள்ளுங்கள். முதியோரைக் கைபிடித்து அழைத்து வாருங்கள். அந்த ஆண்டில் ஒருவரை அடக்கம் செய்த வீட்டார் அண்டையில் இருந்தால், அவர்களையும் கூப்பிட்டு உங்கள் பக்கத்தில் நிறுத்தி, உங்கள் திரியிலிருந்து அவர்கள் திரியைப் பற்றவையுங்கள். உயிர்த்த ஆண்டவர் நம் பங்கையும் நம் இல்லங்களையும் தம் சமாதானத்தால் நிரப்புவாராக! அல்லேலூயா!