பெர்லில் பின்னணிச் செயல்முறை

யூனிக்ஸ் கணினியில் ஒரு பெர்ல் நிரல், தான் தொடங்கிய வேலை முடியும்வரை காத்திராமல் அதைத் தனியே ஓடவிடும் முறை. பெர்ல், லாரி வால் 1987இல் வெளியிட்ட மொழி.

எளிய வழி, 'சிஸ்டம்' கட்டளை வரியின் இறுதியில் '&' குறி இடுவது. ஷெல் வேலையைப் பின்னணிக்கு அனுப்பிவிடும்; ஆனால் அதன் செயல்முறை எண் நிரலுக்குக் கிடைக்காது.

கட்டுப்பாடு வேண்டுமெனில் 'ஃபோர்க்'. அது நிரலைத் 'தாய்', 'சேய்' என இரு செயல்முறைகளாக்கி, தாய்க்குச் சேயின் எண்ணையும் சேய்க்கு 0-வையும் தரும். சேய் 'எக்ஸெக்' மூலம் வேறு நிரலாக மாறலாம். முடிந்த சேயைத் தாய் 'வெயிட்பிட்' கொண்டு விசாரிக்காவிட்டால், அது 'ஸோம்பி'யாகத் தங்கும். 'பிஎஸ்' பட்டியலில் 'இசட்' என்று தெரியும்.

முனையத்தை மூடிய பின்னும் வேலை தொடர, சேய் 'செட்சிட்' அழைத்துப் புதிய அமர்வு தொடங்கி, உள்ளீடு வெளியீடுகளை '/டெவ்/நல்'லுக்குத் திருப்பிவிடுவது வழக்கம்.