எஞ்சின் ஏன் தட்டுகிறது? - ஒரு சத்தத்தின் வரலாறு

பெட்டி நிறைய சாமான், பின்னால் ஓர் ஆள், எதிரே செங்குத்தான மலைச்சாலை. ஒரு பெரிய டூரிங் பைக் டாப் கியரிலேயே முக்கி முனகி ஏறுகிறது. ஆக்ஸிலேட்டரை முறுக்கியதும் எஞ்சினுக்குள் ஒரு சத்தம். தகர டப்பாவில் கோலிக்குண்டுகளைப் போட்டுக் குலுக்கியது போல 'கிளிங் கிளிங்' என்று! நம்மூர் மெக்கானிக்குகள் இதை 'நாக்கிங்' என்பார்கள். அமெரிக்க பைக்காரர்களுக்கு இது 'பிங்கிங்'.

எங்கேயோ ஒரு போல்ட் லூஸாகிவிட்டது என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். உண்மையில் எதுவும் லூஸாகவில்லை. சத்தம் வருவது எரியும் பெட்ரோலில் இருந்து. இதைக் கண்டுபிடிக்கவே ஆராய்ச்சியாளர்கள் பல வருடங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் கதை கொஞ்சம் விசித்திரமானது, கொஞ்சம் சோகமானதும் கூட.

1912-ல் காடிலாக் காருக்கு எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் செய்து கொடுத்தவர் சார்லஸ் கெட்டரிங். அவருடைய பேட்டரி இக்னிஷன்தான் எஞ்சின் தட்டுவதற்குக் காரணம் என்று அப்போது பலர் குற்றம் சாட்டினார்கள். பழியைத் துடைக்க வேண்டுமே! 1916-ல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் தன்னிடம் வேலைக்குச் சேர்ந்த தாமஸ் மிட்ஜ்லி என்ற இளம் எஞ்சினியரிடம் இந்தப் பிரச்சினையை ஒப்படைத்தார்.

ஸ்பார்க் வருவதற்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொள்கிறது என்பது அப்போது பலருடைய நம்பிக்கை. மிட்ஜ்லி சிலிண்டருக்குள் அழுத்தம் எப்படி ஏறுகிறது என்று அளந்து பார்த்தார். அழுத்தம் எகிறியது ஸ்பார்க்குக்கு முன்னால் அல்ல, பின்னால்! ஸ்பார்க் பிளக்கில் கிளம்பிய தீ சிலிண்டர் முழுக்கப் பரவ வேண்டும். அது வந்து சேர்வதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் பெட்ரோல் கலவை சூட்டையும் அழுத்தத்தையும் தாங்காமல் தானாகவே வெடித்துவிடுகிறது. அந்த அதிர்ச்சி அலை சிலிண்டர் சுவரில் மோதுவதுதான் 'கிளிங்'. ஆக, குற்றவாளி இக்னிஷன் அல்ல, எரிபொருள். இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோவும் தனியாக ஆராய்ந்து இதே முடிவுக்குத்தான் வந்திருந்தார்.

நோய் தெரிந்துவிட்டது. மருந்து? இங்கேதான் ஒரு வேடிக்கை. பனிக்கடியிலேயே பூக்கும் ஒரு காட்டுச்செடிக்கு இலையின் அடிப்பக்கம் சிவப்பு. சிவப்பு நிறம் வெப்பத்தை நன்றாக உறிஞ்சுவதால்தான் அது சீக்கிரம் பூக்கிறதோ? அப்படியானால் எரிபொருளுக்கும் சிவப்புச் சாயம் கலந்து பார்ப்போமே! சாயம் கைவசம் இல்லாததால் மிட்ஜ்லி அயோடினைக் கலந்தார். தட்டல் நின்றுவிட்டது. பிறகு மற்ற சிவப்புச் சாயங்களைக் கலந்து பார்த்தால் ஒன்றும் பலிக்கவில்லை. யூகம் முழுத் தவறு. ஆனாலும் எரிபொருளில் எதையோ கலந்து தட்டலை நிறுத்த முடியும் என்பது மட்டும் உறுதியானது.

அயோடின் விலை அதிகம். செலினியம், டெல்லூரியம் என்று தேடல் நீண்டது. கடைசியில் 1921 டிசம்பர் 9 அன்று டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மம் சிக்கியது. ஒரு கேலனுக்குச் சில மில்லி லிட்டரே போதும். ஆல்கஹால் கலந்தாலும் தட்டல் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் ஆல்கஹால் நிறையக் கலக்க வேண்டும், அதை யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம். ஈயமோ துளியில் வேலை செய்தது, காப்புரிமையும் கிடைத்தது. 1923-ல் விற்பனைக்கு வந்தபோது அதன் பெயர் 'எத்தில்'. பெயரில் ஈயம் என்ற சொல்லே இல்லை, கவனித்தீர்களா?

ஈயம் விஷம் என்பது பழங்காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். 1924 அக்டோபரில் நியூஜெர்சி மாநிலத்தின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் இந்தத் திரவத்தைக் கையாண்ட 5 தொழிலாளர்கள் புத்தி பேதலித்து இறந்தார்கள். டியூபான்ட் ஆலை ஒன்றில் தொழிலாளர்கள் இல்லாத பூச்சிகளைக் கையால் விரட்டிக்கொண்டிருந்தார்களாம். அந்தக் கட்டிடத்துக்கே 'பட்டாம்பூச்சி வீடு' என்று பெயர் விழுந்தது. ஆபத்தில்லை என்று காட்டுவதற்காக மிட்ஜ்லி பத்திரிகையாளர்கள் முன் அந்தத் திரவத்தில் கை கழுவினார். இத்தனைக்கும் ஏற்கெனவே ஈய நஞ்சால் பாதிக்கப்பட்டு ஓய்வெடுத்துத் திரும்பியவர் அவர்! ஆலிஸ் ஹாமில்டன் போன்ற மருத்துவர்கள் எச்சரித்தார்கள். 1925-ல் விற்பனை நிறுத்தப்பட்டது. மறு வருடமே மீண்டும் தொடங்கிவிட்டது.

அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் உலகம் முழுவதும் வண்டிப் புகையோடு ஈயமும் காற்றில் கலந்தது. பூமியின் வயதைக் கணக்கிட்ட கிளேர் பேட்டர்சன், தன் ஆய்வகத்தில் எதைத் தொட்டாலும் ஈயம் ஒட்டியிருப்பதைப் பார்த்துத் திகைத்தார். 1965-ல் அவர் வெளியிட்ட கட்டுரை, மனித உடலில் இருக்கும் ஈயம் இயற்கையான அளவைவிடப் பல மடங்கு அதிகம் என்று சொன்னது. சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கிறது என்பதும் பின்னர் உறுதியானது. இந்தியாவில் 2000 பிப்ரவரியில் ஈய பெட்ரோல் நின்றது. கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021-ல்.

இப்போது அந்த மலைச்சாலை பைக்குக்கு வருவோம். இன்றைக்கு நல்ல மெக்கானிக் என்ன செய்வார்? கியரைக் குறைத்து ஓட்டிப் பார்க்கச் சொல்வார். வண்டிக்குச் சொல்லப்பட்ட ஆக்டேன் பெட்ரோல்தான் போட்டீர்களா என்று கேட்பார். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறதா, பிஸ்டன் தலையில் கரி படிந்திருக்கிறதா, ஸ்பார்க் சீக்கிரம் விழுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பல புதிய வண்டிகளில் தட்டலைக் கேட்டதும் ஸ்பார்க்கைத் தள்ளிப்போட ஒரு சென்சாரே இருக்கிறது.

மிட்ஜ்லி சத்தத்தின் காரணத்தைச் சரியாகவே கண்டுபிடித்தார். அந்தச் சத்தத்தை நிறுத்தினால் போதும் என்று நினைத்ததுதான் தவறு. புகையை யார் சுவாசிக்கப் போகிறார்கள் என்ற கேள்வியை ஹாமில்டன் அப்போதே கேட்டார். அதற்கான முழுப் பதில் கிடைக்க உலகத்துக்கு நூறு வருடம் பிடித்தது.