"எங்க காலத்துப் பாட்டு மாதிரி வருமா?" - அப்பாக்கள் இதையே சொல்வது ஏன்?

பெரம்பலூர்ல இருந்து அரியலூர் போற தனியார் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருக்கீங்க. சுமார் 30 கிலோமீட்டர் பயணம். ஜன்னலுக்கு வெளியே மக்காச்சோளக் காடு. எதிரே வரிசையா வர்ற சிமென்ட் லாரிகள். டிரைவர் தலைக்கு மேல இருக்கிற ஸ்பீக்கர்ல 80-கள் இளையராஜா. பக்கத்து சீட்டு 50 வயசு அண்ணன் ஜன்னல் கம்பியில விரலால தாளம் போட்டுட்டு வர்றார். பின்சீட்டு காலேஜ் பசங்க காதுல புளூடூத்தை மாட்டிக்கிட்டு அனிருத் கேட்டுட்டு வர்றாங்க. பஸ் ஒண்ணுதான், காலம் ரெண்டு.

அந்த அண்ணன்கிட்ட பாட்டைப் பத்திப் பேச்சுக் கொடுத்துப் பாருங்க. அஞ்சே நிமிஷத்துல அந்த வசனம் வந்துடும். "என்ன இருந்தாலும் எங்க காலத்துப் பாட்டு மாதிரி வருமா தம்பி? இப்ப வர்றதெல்லாம் ஒரே சத்தம்!"

சிரிச்சுக்கிட்டே நீங்க தலையாட்டிடலாம். ஆனா, இன்னும் 25 வருஷம் கழிச்சு இதே வசனத்தை நீங்களும் யாரோ ஒரு தம்பிகிட்ட சொல்றதுக்கான வாய்ப்பு ரொம்பவே அதிகம். ஏன்னா, இது வெறும் ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. வயசு, மூளை, நினைவு மூணும் சேர்ந்து செய்ற வேலை. எப்படின்னு பார்ப்போமா?

எந்த வயசுல பாட்டு மனசுல ஒட்டுது?

1989-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் மோரிஸ் ஹோல்ப்ரூக், ராபர்ட் ஷிண்ட்லர் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். 16 வயதிலிருந்து 86 வயது வரையிலான 108 பேரைக் கூப்பிட்டு, 1932 முதல் 1986 வரை ஹிட்டான 28 பாடல்களின் சிறு பகுதிகளைப் போட்டுக் காட்டி, ஒவ்வொன்றும் எவ்வளவு பிடிக்கிறது என்று கேட்டார்கள். விடை சுவாரஸ்யமானது. அவரவர் சுமார் 24 வயதில் இருந்தபோது வந்த பாடல்களுக்குத்தான் அதிக மதிப்பெண். அந்த வயசுக்கு முன்னாடியும் பின்னாடியும் வந்த பாட்டுகளுக்கு மார்க் குறைஞ்சுக்கிட்டே போச்சு.

பிறகு ஸ்ட்ரீமிங் காலம் வந்தது. 2018-ல் ஸெத் ஸ்டீபன்ஸ்-டேவிடோவிட்ஸ் என்ற தரவு ஆய்வாளர், ஸ்பாட்டிஃபை தகவல்களை வைத்து நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். வளர்ந்த பிறகு அதிகம் கேட்கும் பாடல்கள், ஆண்களுக்குச் சராசரியாக 14 வயதிலும் பெண்களுக்கு 13 வயதிலும் வெளியானவை என்றது அந்தக் கணக்கு.

24-ஆ, 14-ஆ, எது சரி? ரெண்டும் வேற வேற அளவுகோல். ஒன்று, "பிடிச்சிருக்கா?"ன்னு நேரடியாகக் கேட்டது. இன்னொன்று, எதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறார்கள் என்று எண்ணியது. ஆனால் ரெண்டுமே ஒரே திசையைத்தான் காட்டுது. பத்தாவது படிக்கிறதுக்கும் முதல் சம்பளம் வாங்குறதுக்கும் நடுவுல வந்த பாட்டுகள்தான் நம்மகூடவே தங்குது.

மூளைக்குள்ள என்ன நடக்குது?

40 வயதைத் தாண்டியவர்களிடம் "உங்கள் வாழ்க்கையில் நினைவில் நிற்பவற்றைச் சொல்லுங்க" என்று கேட்டால், 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவற்றைத்தான் அதிகம் சொல்வார்கள். வரைபடமாகப் போட்டால் அந்த இடம் மட்டும் ஸ்பீடு பிரேக்கர் மாதிரி மேலே எழும்பி நிற்கும். உளவியலில் இதை 'நினைவு மேடு' என்று சொல்லலாம்.

ஏன் அந்த வயது? ஏன்னா எல்லாமே 'முதல்' தடவையா நடக்குற வயசு அது. முதல் காதல், முதல் ஹாஸ்டல் ராத்திரி, ஃப்ரெண்ட்ஸோட முதல் சினிமா, முதல் தோல்வி. 'நான் யாரு?' என்ற கேள்விக்குப் பதில் தேடுற வயசும் அதுதான். அப்போது உணர்ச்சிகளுக்கு மூளை மிக வேகமாகத் துள்ளும். நிதானமாக யோசிக்க உதவும் முன்மூளைப் பகுதியோ 20-களின் நடுப்பகுதி வரைக்கும் வளர்ந்துகொண்டே இருக்கும். அதனாலதான் அந்த வயசுல சந்தோஷமும் அழுகையும் ஒரு சுற்று கூடுதலா இருக்கு.

2011-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கேட்டாலே உடம்பு சிலிர்க்கும் இசையைக் கொண்டுவரச் சொல்லி, அதைக் கேட்கும்போது மூளையைப் படம்பிடித்தார்கள். சிலிர்க்கும் நொடியில் மட்டுமல்ல, "இதோ வரப்போகுது" என்று காத்திருக்கும் நொடியிலும் டோபமின் சுரந்தது. மனப்பாடமாகத் தெரிந்த பாட்டில் அடுத்த திருப்பம் எங்கே வரும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் காத்திருப்பே ஒரு சுகம். புதுப் பாட்டுல அந்த வசதி இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஜனாட்டா 2009-ல் வெளியிட்ட ஆய்வில், சொந்த நினைவைக் கிளறும் பாட்டைக் கேட்கும்போது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் ஒரு மூளைப்பகுதி அதிகம் வேலை செய்வதைக் காட்டினார். நம்மைப் பற்றி நாமே யோசிக்கும்போது இயங்கும் பகுதி அது. அதாவது, பழைய பாட்டைக் கேட்கும்போது அப்பா பாட்டை மட்டும் கேட்கலை. 17 வயசு அப்பாவையும் சேர்த்துக் கேட்கிறார்.

ஈர மண்ணுல பதிஞ்ச சிப்பி

இதைப் புரிஞ்சுக்க நம்ம ஊரைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பல கோடி வருஷங்களுக்கு முன்னாடி அரியலூர், பெரம்பலூர் பகுதி கடலுக்கு அடியில் இருந்தது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் இன்றைக்கு அரியலூரைச் சுற்றி இத்தனை சிமென்ட் ஆலைகள் ஓடக் காரணம். அதே கடலடிச் சேற்றில் புதைந்த நத்தையும் சிப்பியும் இன்று கல்லாகக் கிடைக்கின்றன. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரமே கல்லாகிக் கிடக்கிறது. வயது, சுமார் 12 கோடி ஆண்டுகள்!

சேறு ஈரமா இருந்தப்ப விழுந்தது மட்டும்தான் பதிஞ்சது. காய்ஞ்சு கல்லான பிறகு மேல விழுந்ததெல்லாம் உருண்டு போச்சு. மனசும் கிட்டத்தட்ட அப்படித்தான். இளமைதான் அந்த ஈரம். ஒரே ஒரு வித்தியாசம், மனசு முழுசா இறுகிடறதில்லை. 60 வயசுலயும் ஒரு புதுப்பாட்டு உள்ளே போகும். கொஞ்சம் கூடுதலா இடம் கொடுக்கணும், அவ்வளவுதான்.

ஒரு கேசட், 12 பாட்டு

வயசு ஒரு காரணம் என்றால், திரும்பத் திரும்பக் கேட்டது இன்னொரு காரணம். எதை அடிக்கடி சந்திக்கிறோமோ, அது மெல்ல மெல்லப் பிடித்துப்போகும் என்று 1968-லேயே உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் காட்டினார்.

உங்க தாத்தா காலத்துல ஊர்ப் பொது ரேடியோவுல திருச்சி வானொலியும் இலங்கை வானொலியும் போட்டதுதான் பாட்டு. நினைச்ச நேரத்துல நினைச்ச பாட்டைக் கேட்க முடியாது. அப்பா காலத்துல கேசட் வந்துச்சு. பிடிச்ச பாட்டையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி ரெக்கார்டிங் கடையில கொடுத்துட்டு, சில நாள் காத்திருந்து வாங்கணும். 60 நிமிஷ கேசட்டுல ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். ரெண்டு பக்கமும் சேர்த்து 12, 13 பாட்டு. அதையே மாசக்கணக்குல தேயத் தேயக் கேட்டாங்க. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டுன்னு தெருவுல மைக் செட் கட்டினா, மறுபடியும் அதே பாட்டுகள். வேணாம்னாலும் காதுல விழும்.

அதுக்கப்புறம் எம்பி3 சி.டி, மெமரி கார்டு, புளூடூத்ல அனுப்பிக்கிறது, 2016-ல ஜியோ, 2019-ல இந்தியாவுக்கு வந்த ஸ்பாட்டிஃபைன்னு எல்லாம் மாறிடுச்சு. இப்ப ஒரே பாட்டோட 20 செகண்டை ரீல்ஸ்ல ஒரே நாள்ல ஐம்பது தடவை கேட்கிறீங்க. எண்ணிக்கையில அப்பாவையே மிஞ்சிட்டீங்க. ஆனா, அந்த ஐம்பது தடவையும் பக்கத்துல யாராவது இருந்தாங்களா? நினைவு ஒட்டிக்கிறதுக்குப் பாட்டு மட்டும் போதாது. ஒரு ஆள், ஒரு இடம், ஒரு நாள் வேணும்.

'அப்போ எல்லாமே நல்ல பாட்டு' என்பது உண்மையா?

இங்கேதான் அப்பாவைக் கொஞ்சம் கலாய்க்கலாம். 1976-ல் 'அன்னக்கிளி'யில் அறிமுகமான இளையராஜா 1,000 படங்களுக்கு மேல் இசையமைத்திருக்கிறார். அதில் எத்தனை படத்துப் பாட்டு ஞாபகம் இருக்குன்னு அப்பாகிட்டயே கேளுங்க. 100 படம் சொன்னாலே பெரிய விஷயம். மிச்சம்? காலம் ஒரு சல்லடை. சுமாரானதெல்லாம் கீழே கொட்டிப்போய், நல்லது மட்டும் மேலே நின்றுவிட்டது. அந்தச் சலித்த அரிசியை, இந்த வாரம் ரிலீஸான சலிக்காத மூட்டையோடு வெச்சு ஒப்பிடுறது நியாயமே இல்லை.

இந்தப் புலம்பலும் புதுசு இல்லை. 1992-ல் 'ரோஜா' வந்து ஏ.ஆர்.ரஹ்மான் அலை அடித்தபோது, "இதெல்லாம் கம்ப்யூட்டர் மியூசிக்" என்று முகம் சுளித்த பெரியவர்கள் உண்டு. அன்னைக்கு ரஹ்மானுக்காக அவங்ககூட சண்டை போட்ட பசங்களுக்கு இப்ப 50 வயசு நெருங்குது. அவங்கள்ல பலர்தான் இன்னைக்கு உங்க ப்ளேலிஸ்ட்டைப் பார்த்து முகம் சுளிக்கிறாங்க!

அப்போ நமக்கு ஏன் ராஜா பாட்டு பிடிக்குது?

நல்ல கேள்வி. 2005-ல பிறந்த உங்களுக்கு 80-கள் பாட்டு ஏன் மனசை என்னவோ பண்ணுது?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரோல் க்ரம்ஹான்ஸல் 2013-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. சுமார் 20 வயதுள்ள 62 மாணவர்களுக்கு 1955-லிருந்து அடுத்தடுத்த காலப் பாடல்களைப் போட்டுக் காட்டினார்கள். சமீபத்திய பாடல்கள் பிடித்ததில் ஆச்சர்யமில்லை. ஆனால் நடுவில் இன்னொரு மேடும் தெரிந்தது. அது, அவர்களின் பெற்றோர் இளைஞர்களாக இருந்த 80-களின் தொடக்கக் காலம். அதற்கும் முந்தைய 60-களிலும் ஒரு மேடு இருந்தது. வீட்டில் பெற்றோர் கேட்ட பாட்டு, பிள்ளைகள் மனதிலும் பதிந்துவிடுகிறது.

நம்ம சினிமாவுக்கும் இது நல்லாவே தெரியும். 1991-ல் வந்த 'குணா' படத்தின் குகைப் பாட்டை 2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' ஒலிக்கவிட்டபோது, அந்தப் படம் வந்தப்ப பிறக்காத பசங்கதான் தியேட்டரில் கூடவே பாடினார்கள். அம்மா சமையல் பண்ணும்போது ரேடியோவில் ஓடினது, மாமாவோட பைக்ல போகும்போது அவர் முணுமுணுத்தது, இந்த அரியலூர் பஸ்ஸில் காதுல விழுந்தது. எல்லாம் சத்தமில்லாம உங்க கணக்குல ஏறியிருக்கு.

பாட்டியோட ப்ளேலிஸ்ட் எங்கே?

இதெல்லாம் தெரிஞ்சு என்ன பண்றது? ஒரு முக்கியமான விஷயம் இருக்கு.

மறதிநோய் வந்த பெரியவர்களுக்குப் பிள்ளைகளின் பெயர்கூட மறந்துபோகலாம். ஆனால் இளம்வயதில் கேட்ட பாட்டைப் போட்டால் சிலர் கூடவே பாடுவார்கள். பழக்கமான இசை பல நேரங்களில் கடைசிவரை தங்குகிறது. பல நாடுகளின் முதியோர் இல்லங்களில் ஒவ்வொருவருக்கும் அவரவர் இளமைக் காலப் பாடல்களைத் தொகுத்துக் கேட்க வைக்கிறார்கள். அது நோயைக் குணமாக்காது. ஆனால் பதற்றமாக இருப்பவரை அமைதியாக்கவும், பேசாமல் இருப்பவரைக் கொஞ்சம் பேசவைக்கவும் உதவலாம்.

அந்தப் பட்டியலை எப்ப போடணும்? அவங்களுக்கு ஞாபகம் நல்லா இருக்கும்போதே. அதாவது, இப்பவே.

இந்த வாரம் ஊருக்குப் போனா இதைச் செஞ்சு பாருங்க.

அப்பாகிட்ட "எந்தப் பாட்டு பிடிக்கும்?"னு கேட்காதீங்க. "அந்தப் பாட்டை முதல்ல எங்கப்பா கேட்டீங்க?"ன்னு கேளுங்க. கூட யார் இருந்தாங்க, எந்த ஊர், எந்தத் தியேட்டர்னு ஒரு கதை வரும். நீங்க இதுவரைக்கும் கேட்காத கதையா அது இருக்கலாம்.

அம்மாவோட 15 வயசுல இருந்து 25 வயசு வரைக்கும் எந்த வருஷங்கள்னு கணக்குப் போட்டு, அந்த வருஷங்கள்ல வந்த பாட்டுகளை ஒரு ப்ளேலிஸ்ட்டா போடுங்க. ஒவ்வொண்ணா ஓடவிட்டு முகத்தைப் பாருங்க. எதுல கண்ணு மாறுதோ, அதைக் குறிச்சு வெச்சுக்கோங்க.

பாட்டிக்கு மட்டும் இது போதாது. அவங்க இளமைக்கால ஹிட் எல்லாமே சினிமால இருந்து வந்தது இல்லை. நாத்து நடும்போது பாடினது, தொட்டில் ஆட்டும்போது பாடினது, கும்மி அடிக்கும்போது பாடினதுன்னு ஒரு தனி உலகம் இருக்கு. அந்தந்த ஊருக்கு ஏத்த மாதிரி வார்த்தை மாறுற அந்தப் பாட்டுகள்ல பலதும் எந்த ஆப்லயும் கிடைக்காது. பாட்டி தொண்டைல மட்டும்தான் இருக்கு. உங்க கையில இருக்கிற போன்ல வாய்ஸ் ரெக்கார்டர் இருக்குதானே? "எனக்கென்னடா தெரியும்"னு முதல்ல வெட்கப்படுவாங்க. கொஞ்ச நேரம் பக்கத்துல உட்காருங்க. பாடுவாங்க.

உங்களுக்கும் ஒண்ணு. உங்க மண்ணு இப்ப ஈரமா இருக்கு. இந்த வருஷம் நீங்க கேட்கிற பாட்டுதான் 50 வயசுல உங்க கண்ணைக் கலங்க வைக்கப்போகுது. அதனால எப்பவாவது புளூடூத்தைக் கழட்டிட்டு, பக்கத்துல இருக்கிறவங்களோட சேர்ந்து ஒரு பாட்டைச் சத்தமா கேளுங்க. அரியலூர் பஸ்ஸில் தாளம் போடுற அந்த அண்ணனும் ஒரு காலத்துல பின்சீட்டுப் பையன்தான். அடுத்த தடவை அவர், "எங்க காலத்துப் பாட்டு மாதிரி வருமா?"ன்னு ஆரம்பிச்சா, சண்டைக்குப் போகாதீங்க. "எந்தப் பாட்டுண்ணே? முதல்ல எங்க கேட்டீங்க?"ன்னு கேளுங்க. அரியலூர் வர்றதுக்குள்ள ஒரு நல்ல கதை கிடைச்சிருக்கும்.