உறுதியில் இருக்கிற பெயர்

2012இல் ஒரு பின்னேரம், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நான் கொம்பியூட்டர் திருத்துகிற கடையில், ஒரு அம்மாவின் ஹாட் டிஸ்க்கை என் கையாலேயே அழித்தேன். உபுண்டு 12.04ஐப் பென்ரைவில் எழுத முதல்நாள் அடித்த கட்டளையையே திரும்ப அடித்தேன். முதல்நாள் லினக்ஸ் எஸ்டிபி என்று பெயர் வைத்தது பென்ரைவுக்கு. அன்று அவருடைய டிஸ்க்கை முன்னமே மாட்டியிருந்ததால் எஸ்டிபி அதுவாகிவிட்டது. பென்ரைவ் எஸ்டிசிக்குத் தள்ளப்பட்டிருந்தது. 700 மெகாபைட் எழுதி முடிந்த பிறகுதான் கண்டேன். இடப்பெயர்வுகளில் காவித் திரிந்த அல்பங்களை ஸ்கான் பண்ணி வைத்திருந்த டிஸ்க் அது. அழிந்த படங்களை மீட்கும் போட்டோரெக்கை மூன்று இரவு ஓடவிட்டேன். எழுத்துப் படாத பகுதியிலிருந்து படங்கள் வந்தன, பெயரும் திகதியும் இல்லாமல். "தம்பி, இவரின்ரை படம் இருக்கோ?" என்று கேட்டார். இருந்தது. எல்லாம் இருக்கவில்லை.

இந்தப் பெயர்க் குழப்பம் எப்போதும் இருந்ததல்ல. ஐடிஈ காலத்தில் லினக்ஸ் டிஸ்க்கின் பெயர் இடத்தோடு ஒட்டியிருந்தது. முதல் கேபிளின் மாஸ்டர் எச்டிஏ, ஸ்லேவ் எச்டிபி. இரண்டாம் கேபிளின் மாஸ்டர் எச்டிசி. ஒன்றைக் கழற்றினாலும் மற்றதன் பெயர் அசையாது. 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை மூடுண்டு, பழைய மெசின்களில் கழற்றிய டிஸ்க்குகளை வைத்தே நாங்கள் காலம் தள்ளியபோது இந்த ஒழுங்கு பெரிய உதவி.

ஸ்கஸிக்கும் யூஎஸ்பிக்கும் வழக்கம் வேறு. கேர்னல் எதை முதலில் காண்கிறதோ அது எஸ்டிஏ, அடுத்தது எஸ்டிபி. 2007இல் பெடோரா 7 போன்றவை வந்தபோது ஐடிஈ டிஸ்க்குகளும் இந்த வரிசைக்குள் இழுக்கப்பட்டன. அப்போதும் சிடியிலிருந்து நிறுவியவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சிடி ரைவுக்குத் தனிப் பெயர். 2008 ஒக்டோபரில் உபுண்டு 8.10, நிறுவுவதற்கான பென்ரைவைத் தயாரிக்கும் கருவியைத் தன்னோடு தந்தது. லென்ஸ் தேய்ந்த சிடி ரைவுகளோடு மாரடித்த எங்களுக்கு அது விடுதலை. ஆனால் பென்ரைவ் டிஸ்க்குகளின் வரிசையிலேயே வந்து நின்றது, பல மெசின்களில் முதல் ஆளாக. மெசினை எழுப்பும் கிரப்போ முதலாம் டிஸ்க்கைத் தேடிப் போய்க் குந்தும். நிறுவல் பிழையில்லாமல் முடியும். பென்ரைவைக் கழற்றினால் மெசின் எழும்பாது. எழும்ப வைக்கும் துண்டு பென்ரைவோடு போய்விட்டிருக்கும்.

மருந்து அதற்கு முன்பே வந்திருந்தது. 2006இன் உபுண்டு 6.10 முதலே, எந்தப் பகுதியை எங்கே ஏற்றுவது என்ற பட்டியலில் யூயூஐடி எழுதப்பட்டது. போர்மட் பண்ணும்போதே அந்தப் பகுதிக்குள் பதியப்படும் அடையாளம் அது: 32 எண்ணெழுத்துகள், இடையில் நான்கு கோடுகள். எந்தத் துளையில் செருகினாலும் மாறாது. கிரப்பை எங்கே போடுவது என்பதுதான் இன்னும் வரிசையை நம்பிக் கிடந்தது.

இப்படி மாறாத பெயரின் பெறுமதி எனக்கு விளங்கியது கடையில் அல்ல. வலிகாமம் வடக்கில் எங்கள் வீட்டை "கோயிலடி ஒழுங்கையில் மூன்றாம் வீடு" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 1990இல் இடம்பெயர்ந்து, 2015இல் திரும்பப் போனபோது ஒழுங்கையே இல்லை. முதலாம் வீடும் இல்லை, எதிலிருந்து எண்ணுவது? ஐயா காணி உறுதியை விரித்தார். யாழ்ப்பாணத்துக் காணிகளுக்குப் புலம், கலட்டி, வளவு, பிராய் என்று முடியும் பெயர்கள் உண்டு; ஆள் மாறினாலும் வேலி விழுந்தாலும் உறுதியில் அவை கிடக்கும். எங்கள் காணியின் பெயரையும் வரைபடத்தையும் வைத்து, அடைந்த கிணற்றைக் கண்டுபிடித்தோம்.

உறுதியிலும் கள்ள உறுதி உண்டு. ஒரு டிஸ்க்கை அப்படியே பிரதி எடுத்தால் யூயூஐடியும் பிரதியாகும். இரண்டையும் ஒன்றாக மாட்டினால் எது எதென்று லினக்ஸுக்கும் தெரியாது. ஆகவே நான் தயாரிப்பாளர் அடித்த சீரியல் இலக்கத்தையும் பார்க்கிறேன். கடைக்கு வரும் ஒவ்வொரு டிஸ்க்கிலும் அதன் கடைசி நான்கு எழுத்துகளை ரேப் ஒட்டி எழுதுவேன். என்ரரைத் தட்டுமுன் திரையில் உள்ளதையும் ரேப்பில் உள்ளதையும் வாய்விட்டு வாசிப்பேன்.