ஆய்விதழ் மென்பொருள்: சாவி யார் கையில்?

1665-ஆம் ஆண்டில் பாரிஸிலும் இலண்டனிலும் முதல் ஆய்விதழ்கள் தோன்றின. அன்று முதல் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆய்விதழ் என்றால் அச்சிட்ட தாள்தான். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் சந்தாக் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. பெரிய பல்கலைக்கழக நூலகங்களே பல இதழ்களை நிறுத்த வேண்டியதாயிற்று. கட்டுரை எழுதும் பேராசிரியருக்கும் அதை மதிப்பிடும் அறிஞருக்கும் பெரும்பாலும் ஊதியம் கிடையாது. ஆனால் அவர்கள் எழுதியதை அவர்களது நூலகமே விலை கொடுத்து வாங்க வேண்டும்!

இணையம் வந்ததும் அச்சுச் செலவும் தபால் செலவும் குறைந்தன. ஆனாலும் ஆய்விதழ் நடத்துவது சாதாரண இணையப்பக்கம் போடுவது போன்றதல்ல. கட்டுரையைப் பெற்று, மதிப்பீட்டாளருக்கு அனுப்பி, திருத்தம் வாங்கி, வெளியிட்டு, பல்லாண்டுகள் காக்க வேண்டும். இதற்குத் தனி மென்பொருள் தேவைப்பட்டது.

இதில் இரண்டு வழிகள் பிறந்தன. 1998-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜான் வில்லின்ஸ்கி 'பப்ளிக் நாலெட்ஜ் புராஜெக்ட்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். அதிலிருந்து 2001-இல் 'ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ்' வெளிவந்தது. இது கட்டற்ற மென்பொருள். யாரும் இலவசமாக இறக்கி, மூலநிரலைத் திருத்தி, தங்கள் வழங்கியிலேயே நிறுவிக்கொள்ளலாம். மற்றொன்று, 1999-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் பேராசிரியர்கள் சிலர் தொடங்கிய 'பீபிரஸ்' நிறுவனம். கட்டணம் செலுத்தினால் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இரண்டாவது வழி எளிது. கட்டற்ற மென்பொருள் இலவசம் என்றாலும் வழங்கிக்கும் பராமரிப்புக்கும் பணமும் ஆளும் வேண்டும். புதிய பதிப்பு வந்தால் மாற்ற வேண்டும், காப்புநகல் எடுக்க வேண்டும். எனவே பல நூலகங்கள் பீபிரஸை நாடியதில் வியப்பில்லை.

ஆனால் 2017 ஆகஸ்டில் பீபிரஸை எல்செவியர் விலைக்கு வாங்கியது. உலகின் மிகப் பெரிய ஆய்விதழ்ப் பதிப்பகங்களுள் ஒன்று எல்செவியர். பெரும் பதிப்பகங்களுக்கு மாற்றாக நூலகங்கள் கட்டிய வீட்டின் சாவி ஒரே நாளில் அத்தகைய பதிப்பகத்திடமே போய்ச் சேர்ந்தது! பென்சில்வேனியா பல்கலைக்கழக நூலகம் அதே ஆண்டில் பீபிரஸை விட்டு விலகப்போவதாக அறிவித்தது.

ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸுக்கு இந்த நிலை வர வாய்ப்பில்லை. அதை உருவாக்கியவர்களே கைவிட்டாலும் மூலநிரல் பொதுவில் இருக்கும், வேறொருவர் தொடரலாம். இன்று ஆயிரக்கணக்கான இதழ்கள் அதில் இயங்குகின்றன.

ஆகவே மென்பொருளைத் தேர்ந்தெடுப்பவர் வசதிகளின் பட்டியலை மட்டும் பார்த்தால் போதாது. நாளை வெளியேற நினைத்தால் நம் கட்டுரைகளையும் முகவரிகளையும் கையோடு எடுத்துச் செல்ல முடியுமா? இதுவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.